கல்லக்குடிப் பவளச் சுண்ணாம்புக்கல்

திருச்சி மாவட்டம் இலால்குடி வட்டத்தில், கல்லக்குடியை ஒட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெளிப்படும் கடற்பாறை. கிரெடேசியக் காலத்தது, வயது ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகள். நிலவியலார் இதை டால்மியாபுரம் படிவத்தில் சேர்க்கின்றனர். 1953இல் தி.மு.க. எதிர்த்துப் போராடிய டால்மியாபுரம் என்ற அந்தப் பெயர், பின்னாளில் ரயில் நிலையத்தை விட்டுப் போனது. பாறையை விட்டுப் போகவில்லை.

கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்தபோது காவிரிப் பகுதி பிளந்து தாழ, கடல் உள்ளே புகுந்தது. பவளத்துக்குக் கலங்காத, வெயில் எட்டும் ஆழமற்ற நீர் வேண்டும். அப்படி வாய்த்த இடங்களில் பவளமும் சுண்ணப்பாசியும் சேர்ந்து திட்டுக் கட்டின. பெயர் பவளத்துக்குப் போனாலும் பாசியின் உழைப்பு சிறிதன்று. சுரங்கத்தில் உடைத்த கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தால், வெளிறிய பரப்பில் சிறுசிறு நட்சத்திரங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த கிண்ணம். நடுவை நோக்கி ஓடும் கோடுகள் அதன் தடுப்புச் சுவர்கள்.

இப்பகுதியின் புதைபடிவங்கள் 1840களிலேயே கேய், கன்லிஃப் ஆகியோரின் சேகரிப்பால் இலண்டனை எட்டின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட ஆய்வில் பாறைகள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என வகுக்கப்பட்டன. பவளங்களை முறையாக விவரித்தவர், மொராவியாவில் பிறந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா (1838–1874). தென்னிந்தியக் கிரெடேசிய உயிர்கள் குறித்த அவரது பெருநூல் வரிசை 1873இல் பவளங்களோடு நிறைவுற்றது.

இதே ஸ்டோலிச்கா 1864இல் இமயத்தின் ஸ்பிதியிலும் ஆய்ந்தவர். ஸ்பிதியின் பழைய சுண்ணாம்புப் படுகைகளிலும் பவளம் உண்டு. ஆனால் அது வேறு குலம். 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியப் பேரழிவில் அக்குலம் பூண்டோடு அற்றது. கல்லக்குடியில் இருப்பவை அதன் பின் தோன்றிய, இன்று மன்னார் வளைகுடாவில் வாழும் பவளங்களின் உறவினம். நடு ஆசியாவின் யார்கண்டுக்குச் சென்ற பயணம் முடிந்து திரும்பும் வழியில், 1874 ஜூனில், லடாக்கில் ஸ்டோலிச்கா இறந்தார். கல்லறை லே நகரில் உள்ளது.

கல்லக்குடிக்கு 1939இல் சிமெண்ட் ஆலை வந்தது. பிளான்ஃபோர்டு தரைமட்டத்தில் பார்த்த கல்லின் அடி அடுக்குகளைப் பின்வந்த ஆய்வாளருக்குக் காட்டியது ஆலைக்கான சுரங்கவெட்டுதான். சாம்பல்நிறக் களிப்பாறை அப்படி வெளிப்பட்டதே. வெட்டிய கல் சூளைக்குப் போகிறது, நட்சத்திரங்களும் கூடவே போகின்றன. வட்டாரப் புதைபடிவங்களைக் காண அரியலூர் அருகே வாரணவாசியில் அருங்காட்சியகம் உள்ளது. சென்னையில் இருப்பவருக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவு பக்கம்.