மலை உச்சியில் ஓடிய ரயில்



சரித்திரம் என்றதும் அரசர்களும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் சிரித்து மகிழ்ந்த இடங்களுக்கும் சரித்திரம் உண்டு. கெந்திங் மலையில் ஓடிய ரோலர் கோஸ்டரின் கதை அப்படிப்பட்டது.

முதலில் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1964-இல் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலையில் ஈடுபட்டிருந்த குத்தகையாளர் லிம் கோ தோங், கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்மலை உல்லாசத் தலம் வேண்டுமென்று எண்ணினார். 1965-இல் காட்டை வெட்டிச் சாலை போடும் வேலை தொடங்கியது. ஏறக்குறைய 6,000 அடி உயரம்! 1969-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். 1971-இல் முதல் ஹோட்டல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கே திறந்தவெளிக் கேளிக்கைப் பூங்காவும் உண்டாயிற்று. சைக்ளோன், கார்க்ஸ்குரூ என்னும் ரோலர் கோஸ்டர்கள் அங்கேதான் ஓடின.

பள்ளி விடுமுறை வந்தால் போதும். கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பஸ் பிடித்துப் போவார்கள். சோற்றுப் பொட்டலமும் கம்பளிச் சட்டையும் கூடவே போகும். விடியற்காலையில் பால் வெட்டிக் காய்த்துப் போன கைகள் அங்கே இரும்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். "ஐயையோ, வயிறே கலங்கிப் போச்சு! இனிமே ஏறவே மாட்டேன்" என்று சொல்லி இறங்கியவரே மறுபடியும் வரிசையில் நிற்பார்!

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண ரோலர் கோஸ்டர் வண்டியில் இயந்திரம் கிடையாது. சங்கிலி ஒன்று வண்டியை உச்சிக்கு இழுத்து விடுகிறது. அதன் பிறகு எல்லாம் பூமியின் ஈர்ப்பு விசைதான். மேட்டில் ஏறிய சைக்கிள், மிதிக்காமலே பள்ளத்தில் பாய்ந்து இறங்குகிறதே, அதே கணக்கு. வண்டி மேலே எகிறாமலிருக்கத் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரங்கள் உண்டு.

1-9-2013 அன்று அந்தப் பூங்கா மூடப்பட்டது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. அமெரிக்கப் படக் கம்பெனியான ஃபாக்ஸின் பெயரில் புதிய பூங்கா 2016-இல் வரும் என்றார்கள். வரவில்லை. 2018-இல் விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2019-இல் சமரசமாக முடிந்தது. கடைசியில் 2022 பிப்ரவரியில்தான் 'ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்ற வேறு பெயரில் புதிய பூங்கா திறக்கப்பட்டது. 2013-இல் ஐந்து வயதுப் பிள்ளை, அதற்குள் இடைநிலைப் பள்ளிக்கே போய்விட்டது!

இதே சைக்ளோன் என்ற பெயரில் நியூயார்க்கின் கோனி தீவிலும் மரத் தண்டவாளம் கொண்ட ஒன்று இருக்கிறது. 1927-இல் ஓடத் தொடங்கியது. 1970-களின் தொடக்கத்தில், பக்கத்திலுள்ள மீன் காட்சியகத்தை விரிவுபடுத்த அதை இடித்துவிடலாம் என்றார்கள். மக்கள் விடவில்லை, குரல் கொடுத்தார்கள். பழுது பார்க்கப்பட்டு 1975-இல் மீண்டும் ஓடியது. 1988-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் ஆயிற்று.

நம் கோலாலம்பூரிலோ இப்படிப் போனவை பல. புக்கிட் பிந்தாங்கின் 'பிபி பார்க்' 1972-இல் மறைந்தது. அந்த இடத்தில் சுங்கை வாங் பிளாசா 1977-இல் எழுந்தது. கோம்பாக் 'மீமாலேண்ட்' 1994-இல் மூடப்பட்டது.

இடம் முதலாளியுடையது, பழையது பழுதாகும், புதியது வந்தால் பலருக்கு வேலை கிடைக்கும் என்பதெல்லாம் நியாயமே. எடுத்ததைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே சிரித்தவர்களின் கதையை எழுதி வைக்காமல் விட்டோமே, அதுதான் குறை.

இது ஒரு ரோலர் கோஸ்டரோடு முடிகிற விஷயமா? கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன! லயங்கள் போயின, பால்மரங்கள் போயின. எஸ்டேட்டின் பெயரைச் சொன்னால்கூட இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

ஆகவே மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துத் தாத்தா பாட்டியின் முன் வையுங்கள். "இது எந்த ஊர்? யார் யார் போனீங்க? என்ன வருஷம்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். தண்டவாளத்தை நம்மால் காப்பாற்ற முடியாமற் போகலாம். அதில் ஏறியவர்களின் பெயரையாவது காப்பாற்றலாமே!