டின் பாலும் செவிலியர் உடையும்: குழந்தை உணவு விற்பனை நெறியின் முன்வரலாறு

தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை குறித்த பன்னாட்டு நெறி 1981-இல் உருவானது. அதன் வரலாற்றை 1974-இல் லண்டனில் வெளியான 'தி பேபி கில்லர்' என்ற சிறுநூலிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்தத் தொடக்கத்தை 1939-க்கு, சிங்கப்பூருக்கு நகர்த்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இன்றைய கானாவில் பணியாற்றியபோது, பால்குடி மறந்த குழந்தைகளைத் தாக்கிய குவாஷியோர்கர் நோயை அந்த உள்ளூர்ப் பெயராலேயே மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். 1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தபோது அவர் கண்டது வேறொரு கேடு. செவிலியர் உடையணிந்த விற்பனைப் பெண்கள் தாய்மாரைத் தேடிப் போய், தாய்ப்பாலைவிட டின் பால் மேல் என்று நம்பவைத்தார்கள். சர்க்கரை மிகுந்த அந்தப் பால், கொழுப்பு நீக்கியது. எனவே வைட்டமின் ஏ, டி இரண்டும் அதில் இல்லை. கண்ணும் எலும்பும் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'மில்க் அண்ட் மர்டர்' என்ற தலைப்பில் உரையாற்றிய அவர், பொய்ப் பிரசாரத்தால் நேரும் சிசு மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார்.

போர் வந்தது, ஜப்பானியர் அவரைச் சாங்கி சிறையில் அடைத்தனர். போருக்குப் பின் டின் பாலின் இடத்தைப் பால் பவுடர் பிடித்தது. பவுடரில் வைட்டமின் இருந்தது. கேடு வேறு வழியில் வந்தது. மகப்பேறு மனையில் இலவசமாகக் கிடைத்த டப்பா தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். பிறகு காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கட்டுப்படியாகாத வீட்டில் பவுடரைக் குறைத்து நீரைக் கூட்டினார்கள். அந்த நீரும் தூய்மையானதல்ல. வயிற்றுப்போக்கும் மெலிவும் சேர்ந்தே வந்தன. வணிகம் விளைவித்த ஊட்டக்குறை என்று இதைக் குழந்தைநல மருத்துவர் டெரிக் ஜெலிஃப் வகைப்படுத்தியது 1960-களின் இறுதியில்தான்.

'தி பேபி கில்லர்' சிறுநூலை பெர்ன் நகரக் குழு ஒன்று 'நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது' என்று தலைப்பு மாற்றி ஜெர்மனில் வெளியிட, நெஸ்லே நிறுவனம் அக்குழுவின் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976-இல் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கமே நின்றது. ஆனால் குழுவினருக்கு விதித்த அபராதம் தலைக்கு 300 பிராங்க்தான். விளம்பர முறையை மாற்றிக்கொள்ளுமாறு நிறுவனத்துக்கும் நீதிபதி அறிவுறுத்தினார். இத்தகைய வெற்றியை எந்த நிறுவனமும் விரும்பாது. மறுஆண்டே அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது.

1981 மே 21 அன்று உலகச் சுகாதாரப் பேரவை நெறியை ஏற்றது: ஆதரவு 118, எதிர்ப்பு 1. எதிர்த்தது அமெரிக்கா. நிறுவனங்கள் சம்பளம் தந்து அனுப்பும் செவிலியர்களை மருத்துவமனைகளில் அனுமதிக்கலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. வில்லியம்ஸ் கண்ட விற்பனை உத்தியின் வாரிசுகளுக்குத் தடை வர 42 ஆண்டுகள் ஆயின.

நெறி வெறும் பரிந்துரை. இந்தியா அதை 1992-இல் சட்டமாக்கியது; 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டப்படி, டப்பாவில் குழந்தை படம் போடுவதும் குற்றம். மருத்துவர் சங்கங்களின் மாநாடுகளுக்கு நிறுவனங்கள் பணம் தருவதை முற்றாகத் தடுக்க மட்டும் 2003 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.