எஞ்சினுக்குக் காற்று வந்த வழி

எஞ்சினில் எரியும் பெட்ரோல் தரும் வெப்பத்தில் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுவது சிறு பகுதியே. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். எஞ்சின் முகப்பில் அமைந்த மோட்டார் வண்டியில் இது பெருந்தொல்லையன்று; எதிர்க்காற்றே ரேடியேட்டரில் புகுந்து வெப்பத்தை வாரிச் செல்லும். ஆனால் விரைவை நாடியவர்கள், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, பின்சக்கர அச்சுக்கு முன்னே எஞ்சினை அமைத்தனர். பாரம் நடுவே நின்றதால் வளைவுகளில் வண்டி சொன்னபடி திரும்பிற்று. அதற்கு விலையாக, காற்று தானே வந்து சேராத ஓர் அறையில் எஞ்சின் அடைபட்டது. அவ்வறைக்குக் காற்று வந்த வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

1934இல் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனம், ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் திட்டப்படி, 16 சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் கொண்ட பந்தய வண்டியைக் களமிறக்கிற்று. ரேடியேட்டரோ மூக்கில் இருந்தது. இரண்டுக்கும் இடையே நீரைக் கொண்டு செல்ல, வண்டிச் சட்டத்தின் உருளைகளையே குழாய்களாக்கினர். சிக்கனமான யோசனைதான், ஆயினும் சட்டத்தில் நுண்ணிய கசிவுகள் தோன்றவே அம்முறை பின்னர் கைவிடப்பட்டது.

இங்கிலாந்தின் கூப்பர் வண்டியில் ஜாக் பிரபாம் 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றபின், பந்தயக் களத்தில் வாதம் ஓய்ந்தது. அடுத்து இவ்வமைப்பு சாலைக்கு வந்தது. இத்தாலியின் லம்போர்கினி நிறுவனம் 1966இல் ஜெனீவாவில் காட்டிய மியூராவில், 12 சிலிண்டர் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னே குறுக்காகக் கிடந்தது. அதன்மேல் கண்ணாடிக்குப் பதிலாகச் சாய்ந்த பலகைகளை அடுக்கினர். வெப்பக்காற்று மேலெழும் இயல்புடையது. வண்டி நின்ற பின்னரும் அப்பலகைகளின் இடைவெளி வழியே அது வெளியேறிற்று.

அதே நிறுவனம் 1971இல் கௌண்டாக் என்னும் முன்மாதிரியைக் காட்டிற்று. மார்செல்லோ காண்டினி வரைந்த அவ்வுருவம் ஆப்பு முனைபோல் மாசற்றிருந்தது; காற்றுக்கென இருந்தவை மெல்லிய பிளவுகளே. சோதனை ஓட்டத்தில் எஞ்சின் கொதித்தது. வடிவழகைக் காப்பதா, எஞ்சினைக் காப்பதா என்ற கேள்வி எழுந்தது. விடை 1974இல் விற்பனைக்கு வந்த வண்டியில் தெரிந்தது: தோள்களில் பெட்டி போன்ற காற்றுவாய்கள்; கதவுகளில் உட்குழிந்த முக்கோணத் துளைகள். இம்முக்கோண வடிவம் 1940களில் அமெரிக்க வானூர்தி ஆராய்ச்சியில் பிறந்தது. கண்ணை உறுத்தும் என அஞ்சப்படத்தக்க அவ்வாய்களே பின்னாளில் அவ்வண்டியின் அடையாளமாயின.

இவ்வரலாறு கூறும் உண்மை எளியது. ஒரே சாளரமுள்ள அறையில் காற்று உலவாது. எதிரே மற்றொன்று திறந்தாலன்றிப் புழுக்கம் தீராது. எஞ்சின் அறைக்கும் அதுவே விதி. காற்று நுழைய வாயில் வைத்தவன் அது வெளியேறவும் வழி வகுக்க வேண்டும். வெப்பத்தை ஒளித்து வைக்க இயலாது. அதற்கு வழிவிடும் வடிவமே நெடுந்தொலைவு ஓடும்.