ஒட்டுப்பலகைப் பெட்டியும் ஒரு துறவியும்: டாப்சன் தாங்கியின் வரலாறு

தொலைநோக்கியின் வரலாறு பெரும்பாலும் ஆடிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆடியைச் சுமக்கும் தாங்கிக்கு அடிக்குறிப்பில் ஓர் இடம் கிடைத்தாலே பெரிது. இத்தனைக்கும், 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டது பாத் நகரில் தம் வீட்டுத் தோட்டத்தில், மரச்சட்டத்தில் நிறுத்திய ஏழடிக் கருவியைக் கொண்டுதான்.

பின்னர் மரத்தின் மதிப்புக் குறைந்தது. ஃபிரான்ஹோஃபர் 1824இல் டோர்பாட் வானாய்வகத்துக்கு அமைத்த தொலைநோக்கி, புவி அச்சுக்கு இணையான ஓர் அச்சில் கடிகாரப் பொறியால் சுழன்று விண்மீன்களைப் பின்தொடர்ந்தது. துல்லிய அளவீட்டுக்கு அது இன்றியமையாதது. பொழுதுபோக்காக வானம் பார்த்தோரும் அதையே முன்மாதிரியாகக் கொண்டதால், இரும்புக் குழாய், எதிர் எடை, கடைசல் வேலை எனச் செலவு ஏறியது. ஆடி பெரிதாகுந்தோறும் தாங்கி பன்மடங்கு கனத்தது. ஆகவே வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஆறு, எட்டு அங்குல ஆடிகளோடு நின்றன.

இந்தத் தேக்கத்தை உடைத்தவர் பொறியாளர் அல்லர், துறவி. 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, பெர்க்லியில் வேதியியல் பயின்ற ஜான் டாப்சன், 1944இல் சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் சேர்ந்தார். 1900இல் விவேகானந்தர் நிறுவிய சங்கம் அது. கையில் காசில்லாத அவர், கப்பல் சாளரத்தின் தடித்த கண்ணாடியைத் தேய்த்துப் பன்னிரண்டு அங்குல ஆடி செய்து, 1956இல் அதன்வழி நிலவைக் கண்டார். இக்காட்சி எல்லோருக்கும் கிட்ட வேண்டும் என்ற எண்ணம் அன்றே அவரைப் பற்றிக்கொண்டது.

அவரது தாங்கியின் அமைப்பு எளிது. கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயே தொலைநோக்கியின் உடல். அதன் ஈர்ப்பு மையத்தருகே இருபுறமும் பொருத்திய வட்டத் தட்டுகள், மேற்புறம் திறந்த ஒட்டுப்பலகைப் பெட்டியின் வெட்டுகளில் அமர்ந்து மேலும் கீழும் சுழலும். பெட்டியோ நடுவில் ஒரே ஆணியுடன் அடிப்பலகைமேல் வலமும் இடமும் திரும்பும். உராயும் பரப்புகளுக்கிடையே டெஃப்லான் துண்டுகள். நுட்பம் முழுவதும் இங்கேதான். பொதுவாக நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி. அதனால் தள்ளும் பொருள் முதலில் அசையாது, பிறகு திடீரெனத் துள்ளும். ஃபார்மிக்காமேல் நகரும் டெஃப்லானில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சமம். விரலால் தள்ளினால் நகரும். விட்ட இடத்தில் நிற்கும். கருவியின் எடையே அதை நிலைநிறுத்துவதால் இறுக்கும் திருகுகள் தேவையில்லை. மர அறுப்புவாள் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

இழப்பும் உண்டு. இத்தாங்கி தானாக விண்மீனைப் பின்தொடராது. நெடுநேர ஒளிப்படத்துக்கு உதவாது. டாப்சன் அறிந்தே கைவிட்டவை இவை. தெருவில் வரிசையில் நிற்பவருக்குத் தேவை ஒரு நிமிடக் காட்சியே.

இந்தத் தெருப்பணிக்கு அவர் தந்த விலை சிறிதன்று. இரவுகளில் மடத்தைவிட்டுச் சென்று அண்டை வீட்டாருக்கு வானத்தைக் காட்டியவர், 1967இல் 23 ஆண்டுத் துறவு வாழ்விலிருந்து வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டே சான்பிரான்சிஸ்கோ நடைபாதை வானியலாளர்கள் அமைப்பு தோன்றியது. 1980இல் கோல்ட்டர் நிறுவனம் இவ்வமைப்பில் 13.1 அங்குலக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டாப்சன் காப்புரிமை கோரவில்லை. பழைய பீரங்கி வண்டிகளிலும் இதே அமைப்புத்தானே இருந்தது என்பார். 2014இல் தமது 98ஆம் வயதில் மறைந்தார்.