சாட்சியத்தை எழுதியவர் யாருடைய ஆள்?

வழக்குரைஞரின் வாதத்தை நாம் பாராட்டுகின்றோம். நீதிபதியின் தீர்ப்பைச் செய்தித்தாளில் படிக்கின்றோம். ஆனால் மன்றத்தின் ஓர் ஓரத்தில் அமர்ந்து, பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டிருக்கும் சுருக்கெழுத்தாளரை எண்ணிப் பார்ப்பதில்லை. அவரை அமர்த்த வேண்டியவர் யார்? அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்விக்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று. நிலம் இழந்த உழவர்களின் நிலையைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

1933-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் டென்னஸிப் பள்ளத்தாக்கு ஆணையச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வெள்ளத்தைத் தடுப்பதும் மின்விசை ஆக்குவதும் அதன் நோக்கங்களுள் சில. அவ்வாண்டிலேயே கிளிஞ்ச் ஆற்றின் குறுக்கே நாரிஸ் அணையின் வேலை தொடங்கி, 1936-இல் முடிந்தது. அணைக்காக ஏறத்தாழ 2,900 குடும்பங்கள் தம் வீடு வாசலை விட்டுப் பெயர நேர்ந்தது.

ஆணையம் நிலத்தை மதிப்பிட்டு ஒரே விலையைக் கூறும், பேரத்திற்கு இடமில்லை. இசையாதவரின் நிலம் கூட்டாட்சி நீதிமன்றத்தின் வழியே கையகப்படுத்தப்படும். விலையை மதிப்பிட, அவ்வட்டாரத்தைச் சேராத மூவரை நீதிமன்றம் நியமிக்கும். அவர்கள் கூறும் தொகை பொருந்தாதெனில், 20 நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். மூன்று நீதிபதிகள் அதனைப் புதிதாக ஆராய்வர். அன்றைய சட்டம் இவ்வாறு வகுத்திருந்தது.

இனி, ஓர் உழவர் மதிப்பீட்டாளர் மூவர்முன் நின்று, தம் ஆற்றோர வயலில் விளைந்தது எவ்வளவு, அயல் நிலம் விலைபோனது எவ்வளவு என்று சாட்சியம் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அச்சொற்களை எழுதிவைப்பார் இல்லையேல், அவற்றைக் கேட்டிராத நீதிபதிகளுக்கு எஞ்சுவது வெறுந் தொகை ஒன்றே. காரணம் காற்றோடு போய்விடும்.

அப்படியாயின் எழுதுவதற்கு ஏற்பாடு என்ன? வறியவர் ஒருவரின் குற்றவியல் மேன்முறையீட்டில், 1942-ஆம் ஆண்டு, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைமையைத் தெளிவாக எடுத்துரைத்தது: கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு அதிகாரமுறைச் சுருக்கெழுத்தாளர் பதவியை உண்டாக்கும் சட்டம் எதுவும் இல்லை, வழக்காடுவோரே ஒருவரை இசைந்து தேர்ந்து, தம் கைப்பணத்தில் கூலி தர வேண்டும், அக்கூலியை வழக்குச் செலவாகத் தோற்றவரிடம் பெறவும் இயலாது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் அரசின் கருவூலம். மறுபுறம் காணியை இழக்கும் குடியானவர். வென்றாலும் அவர் செலவழித்த கூலி திரும்பாது. கூலி தர வழியற்றவரின் சாட்சியம் ஏறாமலே போகலாம். ஒரு தரப்பார் மட்டும் கூலி கொடுத்தால், எழுதுபவர் எவ்வளவு நேர்மையாளராயினும், மற்றவர் மனத்தில் ஐயம் எழாதிருக்குமா?

1944-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நிறைவேறிய நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் சட்டம் இக்குறையை நீக்க முற்பட்டது. மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றங்களே அவர்களை நியமிக்கும். அவர்கள் உறுதிமொழி ஏற்பர். அரசே ஆண்டு ஊதியம் தரும். எனினும் எழுதியதன் படியை வேண்டுவோர் கட்டணம் கொடுத்தே பெற வேண்டியிருந்தது. வறியவர் சிலருக்கு மட்டும் அரசு அக்கட்டணத்தை ஏற்றது. ஆதலின் வழக்கு முற்றிலும் தீர்ந்தது என்று கூறுவதற்கில்லை. நாரிஸ் அணைக்காகப் பெயர்ந்த குடும்பங்களுக்கோ, அச்சட்டம் காலங்கடந்து வந்த ஒன்று.

பொதுநன்மைக்கு நிலத்தைக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. அங்ஙனம் கேட்கும்போது, நிலத்திற்கு உரியவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் காப்பதும் அரசின் கடன். எழுதுகோலைப் பிடித்திருப்பவர் எவருடைய கூலியாளும் அல்லர், மன்றத்தின் ஊழியர் என்ற நிலை ஏற்பட்டால்தான், எளியவரின் சொல்லும் வலியவரின் சொல்லும் ஒரே ஏட்டில் ஒத்த மதிப்புடன் நிற்கும்.