கொண்டலும் கச்சானும்: செய்மதிப் படங்களில் முகிலின் நடையும் ஊவா மலைநாடும்

தமிழிலே திசைபற்றிக் காற்றுக்கு வழங்கும் பெயர்கள் நான்கு. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இந்நான்கனுள் கொண்டல் என்னும் சொல் முகிலுக்கும் பெயராக வழங்குவது. கீழ்க்காற்றையும் அக்காற்றுக் கொணரும் முகிலையும் ஒரே சொல்லால் அழைத்தவர்கள், முகில் செல்லும் வழியே காற்றின் வழி என்பதை ஐயத்துக்கிடமற்ற உண்மையாகக் கொண்டிருத்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், செய்மதிப் படங்களை அடுத்தடுத்து வைத்து முகிலின் இடப்பெயர்ச்சியை அளந்து, அதிலிருந்து காற்றின் வேகத்தையும் அடுத்த சில மணித்தியாலங்களின் வானிலையையும் கூற முற்பட்ட வளிமண்டலவியலார் கொண்ட எடுகோளும் இதுவே. கடலின்மீது அவ்வெடுகோள் பெரும்பாலும் பொருந்திற்று. ஊவா மலைநாட்டிலோ அஃது ஆண்டின் ஒரு பருவத்திற் பொருந்துகின்றது; மற்றொரு பருவத்தில் முற்றிலும் பொய்த்துவிடுகின்றது. அவ்வாறு பொய்ப்பதன் காரணம் யாது, பதுளை மாவட்டத்துத் தோட்ட மக்களுக்கு அதனால் நேர்வது யாது என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

தென்மேல் பருவக்காற்றுக் காலத்திற் கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகைவண்டியிற் சென்றோர் ஒரு காட்சியை எளிதில் மறந்திரார். நானுஓயாவைத் தாண்டிப் பட்டிப்பொலை வரையும் மழையும் மூடுபனியுமாக இருக்கும். அதற்கப்பால், கடல்மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்திலே, புகைவண்டி மலைமுகட்டைச் சுரங்கவழியாற் கடந்து ஊவாப் பக்கம் வெளிப்படும்போது பல நாட்களில் நல்ல வெயில் எறிக்கும். திரும்பிப் பார்த்தால் முகட்டின் நெடுகிலும் வெண்சுவர் எழுப்பியதுபோல முகில் நிற்கும். காலையில் நின்ற இடத்திலேயே மாலையிலும் நிற்கும்.

அம்முகில் நிற்பதனாற் காற்றும் நிற்கின்றதென எண்ணிவிடலாகாது. மேற்குச் சரிவிலே மேலெழும் ஈரக்காற்றுக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி ஒடுங்கி, முகிலும் மழையுமாகின்றது. முகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும் அதே காற்று, ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியசு வீதம் வெப்பமடைய, முகில் ஆவியாகி மறைகின்றது. ஒரு முனையிற் பிறந்து மறுமுனையில் அழிந்துகொண்டேயிருக்கும் முகில் இது. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள தியலுமை அருவியைத் தொலைவிலிருந்து காண்போருக்கு அது பாறையில் எழுதிய வெண்கோடுபோல அசைவற்றுத் தோன்றும். நீரோ ஓயாது வீழ்ந்துகொண்டிருக்கும். மலைமுகட்டு முகிலும் அத்தகையதே.

இறங்கி வரும் இவ்வுலர்காற்றினைக் கீழைக் கரையோரத் தமிழர் கச்சான் என்பர். இலங்கைப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் ஜோர்ஜ் தம்பையாபிள்ளை, ஆல்ப்சு மலையின் 'போன்' காற்றினத்தைச் சேர்ந்ததே கச்சான் என்பதை 1958 ஆம் ஆண்டிலே 'வெதர்' என்னும் ஆங்கில ஆய்விதழில் எடுத்துக்காட்டினார். மட்டக்களப்பு மக்களின் பேச்சுச்சொல் ஒன்று இவ்வாறு உலக வளிமண்டலவியற் சொற்றொகுதியில் இடம்பெற்றது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற நறுமணமும் யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இவ்வுலர்காற்றின் கொடையே. கொழுந்து மெல்ல வளர்வதனால் மணம் செறிகின்றது. ஏலத்தில் விலை ஏறும் அதே வாரங்களிற் பறிப்போரின் கூடையில் நிறை குறைகின்றது என்பதைத் தேயிலையின் புகழ்பாடும் நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை.

முகிலின் நடையை அளக்கும் முயற்சி செய்மதிக்கு முற்பட்டது. 1896 ஆம் ஆண்டில் அனைத்துலக முகிற் படத்தொகுதி வெளிவந்தது. அதனையொட்டி 1896–97 இற் பல நாடுகளின் அவதான நிலையங்கள் ஒரே காலத்தில் முகில்களின் திசையையும் கதியையும் குறித்தன. கண்ணாடியில் விழும் முகிலின் நிழலுருவை அளவுகோடுகளினூடே பின்தொடர்வதே முறை. மேல்வளியின் ஓட்டத்தை அறிய அக்காலத்தில் வேறு வழி அரிது. இலங்கையிற் கொழும்பு அவதான நிலையம் 1907 இலும், வளிமண்டலவியல் திணைக்களம் 1948 இலும் தோன்றின. ஆயினும் மலைநாட்டைப் பொறுத்தவரையிற் காலநிலையறிவின் அடித்தளமாக அமைந்தவை தோட்டங்களின் மழைமானிகளே. தோட்டக் கந்தோரின் மழையேட்டில் நாள்தோறும் எழுதப்பட்ட எண்கள் கொழும்பிற் சேர்க்கப்பட்டன. அவ்வட்டவணைகளில் தோட்டத்தின் பெயர் இருக்கும். விடியலில் நனைந்தபடி நீரை அளந்தவரின் பெயர் இராது.

இனிச் செய்மதிக்கு வருவோம். புவியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றி, மத்தியகோட்டின் ஓரிடத்துக்கு மேலே அசையாது நிற்பதுபோலத் தோன்றும் செய்மதிகளைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாமென 1945 ஒக்டோபரில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1954 இல் அவர் ஐக்கிய அமெரிக்க வானிலைப் பணியகத்தைச் சேர்ந்த ஹரி வெக்ஸ்லருக்குக் கடிதமெழுதி, வானிலை எதிர்வுகூறலுக்கும் செய்மதி உதவுமென வற்புறுத்தினார். இரண்டாண்டுகளின் பின்னர் அவர் குடியேறி வாழ்ந்த நாடு இலங்கை. 1960 ஏப்பிரல் 1 இல் ஏவப்பட்ட தைரோசு-1 முகில்களைப் படமெடுத்த முதல் வானிலைச் செய்மதி. ஆயின் அது தாழ்ந்த பாதையில் ஓடிக்கொண்டிருந்தமையால் ஒரே முகிலைத் தொடர்ந்து நோக்க அதனால் இயலவில்லை. ஒரு படத்தில் முகில் இருந்த இடம் தெரிந்ததேயன்றி நடை தெரியவில்லை.

அக்குறையைத் தீர்த்தவர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வேர்னர் சுவோமி. 1966 டிசெம்பரில் ஏவப்பட்ட ஏ.ரி.எசு.-1 செய்மதி, நிலைபெறும்பொருட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு முறை தன்னைத்தானே சுற்றிற்று. அச்சுற்றையே அவர் பயனாக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் புவியின் குறுக்கே ஒரு கோடாகப் படம்பிடித்து, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் முழுப் படத்தையும் தரும் கருவியை அவர் ஆக்கினார். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்று ஒரே பகுதியை நோக்கும் கண் இவ்வாறு கிடைத்தது. சிக்காக்கோப் பல்கலைக்கழகத்துத் தெத்சுயா புஜித்தா அப்படங்களைத் திரைப்படச் சுருளாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முகில்களின் பாதையைக் கையால் வரைந்தெடுத்தார். 1971 இல் லீசு, நோவாக், கிளார்க் என்னும் மூவர் இவ்வேலையைக் கணிப்பொறிக்கு மாற்றும் முறையை வெளியிட்டனர். முதற் படத்தின் ஒரு சிறு சதுரத்தை எடுத்து, அடுத்த படத்தில் இடம்விட்டு இடம் வைத்து ஒப்பிட்டு, ஒளியும் நிழலும் மிகப் பொருந்துமிடத்தைக் காணல் வேண்டும். இரண்டிடத்துக்குமிடைப்பட்ட தூரத்தை இடைப்பட்ட காலத்தால் வகுத்தால் முகிலின் வேகம் பெறப்படும். செந்நிறக்கீழ்க் கதிர்ப்படத்தில் முகிலின் குளிர்ச்சி அதன் உயரத்தைக் கூறும்; குளிர்ந்தது உயர்ந்தது.

இவையெல்லாம் பசிபிக், அத்திலாந்திக் சமுத்திரங்களின்மேல் நிகழ்ந்தவை. இந்து சமுத்திரத்தின்மேல் அத்தகைய வானிலைக் கண் நெடுங்காலம் இருக்கவில்லை. 1978 டிசெம்பர் 1 இல் ஆரம்பமான உலக வானிலைப் பரிசோதனைக்காக இவ்விடத்தை நோக்கச் சோவியத் ஒன்றியத்தின் செய்மதியொன்று எதிர்பார்க்கப்பட்டது. அஃது உரிய காலத்தில் ஆயத்தமாகாமையால் அமெரிக்கர் தமது கோசு-1 செய்மதியை இங்கு நகர்த்தினர். தென்மேல் பருவக்காற்று அரபிக் கடலைக் கடந்து வருவதை முகிலின் நடையைக் கொண்டு முதன்முதலாக விரிவாக அளந்தது 1979 இலேதான்; அளவீடு நிகழ்ந்த இடமோ விஸ்கொன்சின். பரிசோதனை தொடங்குவதற்கு எட்டு நாட்களுக்கு முன்னர், நவம்பர் 23 இல், மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்திருந்தது. பரிசோதனை முடிந்ததும் அக்கண் மீண்டும் அகன்றது. 1983 ஓகத்தில் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாற்-1பி செய்மதியே இப்பிரதேசத்துக்கு நிலையான நோக்கினைத் தந்தது.

எடுகோளின் குறைபாட்டை அறிஞர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். முகில் காற்றில் மிதக்கும் பஞ்சன்று. அஃது ஒரு நிகழ்ச்சி. அப்புத்தளை முகட்டில் நிற்கும் முகிலைக் கணிப்பொறி நோக்கினால், பருவக்காற்று உரத்து வீசும் நாளிலும் காற்றில்லை என்றே கூறும். இதனாலேயே தரையின்மேல், அதிலும் மலைகளின்மேல், தாழ்முகில்களிலிருந்து பெறப்படும் கணிப்புகளைப் பல எதிர்வுகூறல் நிலையங்கள் தள்ளிவிடுகின்றன. கடலுக்குப் பொறுக்கி எடுத்த முறை மலைக்கு வரும்போது மலையையே விலக்கிவிடுகின்றது.

பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் இடர்ப்பாடு வேறுவகையானது. முற்பகலில் தெளிந்திருக்கும் வானத்தில், நண்பகலுக்குப் பின்னர் பதுளைப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளின்மேல் திரள்முகில் எழுந்து, ஓரிரு மணித்தியாலத்துள் இடியுடன் கொட்டி ஓய்கின்றது. முந்திய படத்தில் இல்லாத முகிலை எவ்வாறு பின்தொடர்வது? முகில் முற்றியபின் அதன் உச்சியிலிருந்து பரவும் கீற்றுமுகில் மேல்வளியோடு ஒரு திசையில் ஓட, மழை அடிவாரத்திலேயே பெய்துகொண்டிருக்கும். அரைமணித்தியாலத்துக்கு ஒரு படம் போதாமற்போவது இங்கேதான். 2014 ஒக்டோபர் 7 இல் ஏவப்பட்டு 2015 யூலையிற் பணிக்கு வந்த யப்பானின் ஹிமவாரி-8 பத்து நிமிடத்துக்கொரு படம் தந்தமை பெரும் முன்னேற்றம். ஆனால் அது நின்ற இடம் கிழக்கு நெடுங்கோடு 140.7 பாகை. எம்மை அது மிகச் சாய்வாகவே நோக்கிற்று. பன்னிரண்டு கிலோமீற்றர் உயர்ந்த இடிமுகிலின் உச்சி, அச்சாய்வினால், உள்ள இடத்துக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் மேற்கே தோன்றும். பசறையிற் பெய்யும் மழையின் முகிலைப் படத்தில் வெலிமடையின்மேற் காண நேரும். திருத்தம் செய்யாது படத்தை நம்புவோர் தவறான ஊரை எச்சரிப்பர்.

கொண்டல் வீசும் வடகீழ்ப் பருவத்திலேயே எடுகோள் உயிர்பெறுகின்றது. ஊவாவின் பெருமழைக்காலமும் அதுவே. வங்கக் கடலிலிருந்து வரும் முகில் பொத்துவிற் கரையைக் கடந்து, தாழ்நிலத்தின்மேல் ஊர்ந்து, மடுல்சீமை, லுணுகலை, பசறை, நமுனுகுல மலைகளில் மோதுகின்றது. செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் வரும் முகில் பொத்துவிலிலிருந்து பசறையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் வேண்டும். ஒரு லயத்து மக்கள் குழந்தைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான மேட்டுக்குச் செல்ல இரண்டு மணித்தியாலம் போதும்; செய்தி அவர்களை அடையுமாயின்.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள், ஹிமவாரி-8 விண்ணேறி இருபத்திரண்டு நாட்களின் பின்னர், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின்மீது மலை சரிந்தது. காலை எட்டு மணிக்கு முன்னர் அது நிகழ்ந்தது. பாடசாலைக்குச் சென்றமையால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடிருக்கவில்லை. அவ்விடம் அபாயமானது என 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்ததைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் தெரிவித்தது. எனவே அம்மக்களுக்கு இல்லாதிருந்தது முகிற்படம் மட்டுமன்று. குடியேற வேறு நிலமும் இல்லை. மலைச்சரிவு ஒரு முகிலின் செயலுமன்று. நாட்கணக்காக மண்ணில் ஊறிய நீரின்மேல் இறுதியாகப் பெய்த மழையின் விளைவு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாச் சூறாவளியைச் செய்மதிகள் இடைவிடாது நோக்கின. ஆயினும் இலங்கையில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவுகளால் மிக இழந்த மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற்றம் என்பது இந்நாட்டு மண்சரிவு எச்சரிக்கையின் படிமுறை. இவ்வெண்களைச் செய்மதி தானே தருவதில்லை. முகிலின் நடை வரவிருக்கும் மழையைக் கூறும். மண் ஏற்கெனவே எவ்வளவு குடித்துள்ளது என்பதை அச்சரிவிலுள்ள மழைமானியே கூறும். ஒரு பள்ளத்தாக்கில் 100 மில்லிமீற்றர் பெய்யும் நாளில் முகட்டுக்கு அப்பால் தூறலும் இராதிருத்தல் ஊவாவில் வழமையாதலால், ஒரு தோட்டத்தின் அளவு மறு தோட்டத்துக்கு உதவாது. தன்னியக்க மழைமானிகள் பல இடங்களில் நிறுவப்பட்டுள்ளன. வழமையான மழைமானியோ பழைய தோட்டக் கந்தோர் முறைப்படி நாளுக்கு ஒரு தடவை, காலை 8.30 மணிக்கு வாசிக்கப்படுவது. மீரியபெத்தையில் அவ்வேளைக்கு முன்னரே மலை வந்துவிட்டது.