அடையாற்றுக்கு வந்த அம்மாள்

என் மகளுக்கு மூன்றரை வயது. சென்ற ஆனி மாதத்தில் அவளை ஒரு பாலர் பள்ளியில் சேர்த்தோம். பள்ளியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. வாசல் பலகையில் 'மாண்டிஸோரி' என்ற சொல் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு எழுதியிருக்கிறது என்றால் போதும். மூன்றாவது வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீடு திரும்பினாள். பக்கம் முழுவதும் 'அ' எழுதியிருந்தாள். அதாவது, எழுத முயன்றிருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மசியில் ஒரு பெருக்கல் குறி. இரவு சாப்பிடும்போது, "அப்பா, என் கை சரியில்லை" என்றாள்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன், கல்வி சாஸ்திரத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். யோக்கியதை இல்லைதான். ஆனாலும், பலகையில் இவ்வளவு பெரிதாகப் பெயர் இருக்கிறதே, அந்த அம்மாள் யார், என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசை உண்டாயிற்று. கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன்.

மரியா மாண்டிஸோரி 1870-ல் இத்தாலியில் பிறந்தவர். 1896-ல் ரோம் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. மந்த புத்தி என்று உலகம் ஒதுக்கி, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்திருந்த குழந்தைகளை அவர் அடிக்கடி பார்க்கப் போவார். சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினவாம். காவற்காரி அதைப் பெருந்தீனி என்று சொல்லி முகம் சுளித்தாள். மாண்டிஸோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க அங்கே வேறு ஒரு பொருளும் கிடையாது. பசித்தது விரல்களுக்கு என்று அவருக்குப் பட்டது.

அந்தப் பசிக்கு வழி தேடினார். இடார்ட், ஸெகான் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் அத்தகைய குழந்தைகளுக்காகச் செய்த முயற்சிகளைப் படித்து, மரக்கட்டைகளும் உருளைகளும் செய்வித்தார். 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, ரோம் நகரில் ஸான் லோரென்ஸோ என்ற ஏழைப் பேட்டையில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அது பிறந்த காரணம் வேடிக்கையானது. பெற்றோர் கூலி வேலைக்குப் போனதும், வீட்டில் தங்கிய சிறுசுகள் புதிதாகப் பழுது பார்த்த கட்டிடத்தின் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கின. சுவரைக் காப்பாற்ற வேண்டுமே என்று கட்டிடச் சொந்தக்காரர்கள் கவலைப்பட்டார்கள். ஐம்பது குழந்தைகளை ஓர் அறையில் வைத்துக்கொள்ள யாராவது வேண்டியிருந்தது.

அங்கே ஒரு மூன்று வயதுப் பெண், மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மாண்டிஸோரி எண்ணிக்கொண்டே நின்றார். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். கட்டையை மடியில் இடுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் ஆன பிறகு, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போல் முகம் மலர்ந்து, தானாகவே நிறுத்தினாள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கவனம் நிற்காது என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா?

எழுத்து விஷயம்தான் என்னை மிகவும் கட்டிப் போட்டது. உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். குழந்தைகள் அவற்றை விரலால் தடவி, ஒலியைச் சொல்லி விளையாடினார்கள். எழுதச் சொல்லி யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. ஒரு டிசம்பர் மாதத்து வெயில் நாளில் மொட்டை மாடியில் ஒரு பையன் சுண்ணக்கட்டியால் புகைபோக்கிப் படம் வரைந்தான். திடீரென்று, "நான் எழுதுகிறேன்! எனக்கு எழுத வருகிறது!" என்று கூவிக்கொண்டே தரையில் வார்த்தைகளை எழுதத் தொடங்கிவிட்டான். விரல் எப்போதோ கற்றிருந்தது. அவனுக்குத்தான் அன்று தெரிந்தது.

இதைப் படித்தபோது என் பாட்டனார் நினைவு வந்தது. அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் படித்தவர். நம் ஊர் மணல் எழுத்து சாமானியமானதல்ல. 1789-ல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதிக்கு வந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், இந்நாட்டுச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் விடுதியிலும் அதைப் புகுத்தினார். பிறகு 'மதராஸ் முறை' என்று அதை இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். எல்லாம் இங்கேயே இருந்தது என்று மார்தட்டலாம்தான். ஆனால், சூடான மணலில் விரல் தேய்ந்து தோல் உரிந்ததையும், வாத்தியாரின் பிரம்பையும் பாட்டனார் சேர்த்தே சொல்லியிருக்கிறார். விரலுக்குப் பாடம் கிடைத்தது. பையனுக்கு மரியாதை கிடைக்கவில்லை.

இனி நான் சொல்லத் தயங்கும் விஷயம். ஸான் லோரென்ஸோவில் ஊரார் பிள்ளைகளை உட்கார வைத்துக் கவனித்த நாட்களில், அந்த அம்மாளுக்குச் சொந்தமாக ஒரு மகன் இருந்தான். மாரியோ என்று பெயர். 1898-ல் பிறந்தவன். தகப்பனார் உடன் வேலை பார்த்த வைத்தியர், கலியாணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் உத்தியோகமும் பெயரும் போய்விடும். கைக்குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர விட்டார்கள். அவ்வப்போது ஓர் அழகிய மாது வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவள் யார் என்று பையனுக்குச் சொல்வாரில்லை. தன் தாயார் 1912-ல் காலமான பிறகுதான், பதினைந்து வயதுப் பையனை அவர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அப்போதும் ஊருக்கு 'மருமகன்', 'வளர்ப்புப் பிள்ளை' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நான் அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. அந்தத் தகப்பனார் வேறொருத்தியை மணந்துகொண்டு சௌகரியமாக வைத்தியம் பார்த்தார்; அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முசோலினி முதலில் மாண்டிஸோரியை ஆதரித்தார். பிறகு உறவு முறிந்து, இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1939-ம் வருஷக் கடைசியில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பின் பேரில் அம்மாளும் மாரியோவும் சென்னைக்கு வந்தார்கள். குஜராத்தில் அவர் முறையைத் தழுவிப் பாலமந்திரம் நடத்திய கிஜுபாய் பதேகா அதே வருஷம் ஜூன் மாதத்தில் காலமாகிவிட்டார். ஐந்து மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று விதியை நொந்துகொள்ளத் தோன்றுகிறது. அடையாற்றில் சுமார் முந்நூறு பேர் பாடம் கேட்டார்கள். அம்மாள் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ இங்கிலீஷில் சொல்லுவார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. முசோலினியுடன் முறித்துக்கொண்டு வந்தவர்களையே வெள்ளைக்கார சர்க்கார் பகைவர்களாகக் கருதியது! மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மாள் அடையாற்றில் காவலில் இருந்தார். ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு எழுபது வயது பூர்த்தி. வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாளுக்கு என்ன பரிசு தருவது என்று யோசித்ததாகவும், அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதே சிறந்தது என்று தோன்றியதாகவும் அதில் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக மூடி வைத்திருந்த 'மகன்' என்ற உறவுமுறையை ஒரு வெள்ளைக்கார அதிகாரி சர்வ சாதாரணமாகத் தந்தியில் எழுதிவிட்டார்.

பிறகு இருவரும் கொடைக்கானல் மலையில் குழந்தைகளோடு செடி கொடிகளையும் பூச்சிகளையும் பார்த்துக்கொண்டு இருந்ததும், 1949-ல் இந்தியாவை விட்டுப் போனதும், 1952-ல் ஹாலந்தில் அம்மாள் காலமானதும் நீண்ட கதை.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு நாள் மகளின் பள்ளிக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். ஆசிரியைக்கு இருபத்திரண்டு வயதுகூட இராது. "முப்பத்தாறு குழந்தைங்க சார், எனக்கு உதவிக்கு ஒரு ஆயாதான். நோட்டிலே ஒண்ணும் எழுதலைன்னா பேரண்ட்ஸே வந்து கேக்கறாங்க" என்றாள். சண்டை பிடிக்க முடியவில்லை. மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே ரோஜா நிறத்தில் கட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாய்க் கோபுரமாக அடுக்கியிருந்தன. அலமாரிக்குப் பூட்டு.

"இதைக் கொடுக்கிறதில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"தொலைஞ்சுடும் சார். பெரியவங்க யாராவது பார்க்க வந்தா திறப்போம்" என்று ஆயா பதில் சொன்னாள்.

வீடு திரும்பும் வழியில் மகளிடம் அந்தக் கோபுரத்தைப் பற்றிக் கேட்டேன். "பத்து கட்டைப்பா. தினம் கண்ணாடி வழியா எண்ணுவேன். கீழே இருக்கறது குண்டு, மேலே இருக்கறது என் சுண்டு விரல் மாதிரி" என்றாள்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பத்துதான்.